சாந்தன்பாறைக்கு மடியில் வைத்துக் கொண்டுபோன படம்

ஆடி மாதத்தில் யாரும் இடுக்கி மலைக்குச் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. சட்டம் போட்ட ஒரு புகைப்படத்தை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வரவேண்டியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து சாந்தன்பாறைக்கு பஸ்ஸிலேயே போக முடியுமா என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இது உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கல்யாணம், சீர், காதுகுத்து எல்லாம் எடுப்பேன். தென்னந்தோப்பைப் பார்க்காமல் ஊரான் வீட்டு விசேஷங்களில் போய் நிற்கிறான் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. இந்த வருடம் அந்தப் பேச்சு எனக்கே சரியென்று பட ஆரம்பித்திருந்தது. மேடையில் நான் ஒரு படம் எடுப்பதற்குள் எதிரே முப்பது போன் நீளுகிறது. ஆடி முடிந்ததும் கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. "அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால ஒங்க நம்பர் போட்டுருந்துச்சு" என்று ஒரு பெண் பேசினார். பெயர் இசக்கியம்மாள், சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்தில் வேலை. போன வருட மழையில் மலை சரிந்து அவர் வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல் என்று இவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது கணவர் சுடலைமுத்து மட்டும். அவரோடு அவர்களுடைய கல்யாணப் படங்களும் போனும் எல்லாமே மண்ணுக்குள் போய்விட்டன. சொந்தக்காரர்களிடம் கேட்டால், படம் எடுப்பவரே எப்போதும் அவர்தான் என்பதால் அவர் எதிலும் இல்லை.

"ஆதார் அட்டைல இருக்கது அவுக மாதிரியே இல்ல அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை தலைத்திவசம். செவுத்துல வைக்க ஒரு மொகம் வேணும். அந்தக் கல்யாணத்துக்கு நாங்க வேன்ல வந்திருந்தோம். பந்தியில கிந்தியில எங்கயாவது இருக்காகளான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பெண்ணை எங்கள் ஊர்ப் பையனுக்குக் கட்டிக்கொடுத்த கல்யாணம் அது. இசக்கியம்மாளிடம் இருப்பது பட்டன் போன் என்பதால், அந்த மணப்பெண்ணுக்குத்தான் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக் கேட்டேன். ஒரே ஒரு படத்தில் சுடலைமுத்து இருந்தார். பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்தை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற படம். ஆல்பத்துக்கு வேண்டாம் என்று கல்யாண வீட்டார் ஒதுக்கியது. மென்று கொண்டிருக்கிற முகத்தை எந்த வீட்டிலும் விரும்பமாட்டார்கள்.

பிறகு எல்லா ஸ்டூடியோவிலும் செய்வதைச் செய்தேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கன்னத்தைச் சரிசெய்து, வாயை மூடி, நிறத்தைக் கொஞ்சம் கூட்டி, நீலக் கோட்டும் டையும் போட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் செத்துப்போனவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டவர்கள்தான். இரண்டு ராத்திரி வேலை. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. கூரியரில் அனுப்பியிருக்கலாம், கண்ணாடி உடையும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். கடையை மூடுவதற்கு முன்னால் என் வேலையை ஒருவர் கையில் வாங்கிப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலைப்பேட்டை. மூணாறு பஸ் எட்டு மணி வாக்கில் கிடைத்தது. கண்டக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, கண்ணாடிங்களா? மடியிலயே வெச்சுக்கங்க. மேல வெச்சு ஒடஞ்சா நம்மளக் கேக்கக்கூடாது" என்றார். எண்பத்தைந்து கிலோமீட்டரும் மடியில்தான். சின்னார் காட்டில் இறங்கிச் சோதனை, மறையூரில் ஒரு டீ, அதற்கப்புறம் மழை. மூணாறு போய்ச் சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அங்கிருந்து பூப்பாறைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். தேவிகுளம் தாண்டி வரும் கேப் ரோட்டில் வெயில் காலத்தில் இறங்கி நின்று படம் எடுப்பவர்களுக்குக் கணக்கில்லை. அன்றைக்கு மூடுபனியில் பஸ் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. அங்கங்கே புதிதாய்ச் சரிந்த மண்ணை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். மடியில் இருந்தவர் இப்படி ஒரு மண்ணுக்குள் போனவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறை பஸ்ஸில் கால் மணி நேரம். அதற்கு மேல் தோட்டத்துக்கு ஷேர் ஜீப், ஆளுக்கு நாற்பது ரூபாய்.

"யாரு வீட்டுக்கு?" என்றார் ஜீப் டிரைவர். சொன்னேன். "உருள்பொட்டல்ல, மலை சரிஞ்சு வீடு போச்சே, அந்த அக்காவா?" என்று கேட்டவர், இறங்கும்போது என்னிடம் காசு வாங்கவில்லை.

இப்போது இசக்கியம்மாள் இருப்பது தோட்டத்தில் ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறை. சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார். படத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. பெரிய ஆபீசர் கணக்கா இருக்காக" என்றார். அழவில்லை. ஆணியிலும் மாட்டவில்லை. கட்டில் மேல் வைத்துவிட்டு எனக்கு டீ போட உட்கார்ந்தார். ஐந்து வயது மகள் தர்ஷினி படத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு விளையாடப் போய்விட்டாள். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

டீ டம்ளரைக் கொடுக்கும்போது அவரே கேட்டார். "தப்பா நெனைக்காதீக. இத எந்தப் படத்துல இருந்து எடுத்தீக? அதக் கொஞ்சம் காட்டுவீகளா?"

போனில் எடுத்துக் கொடுத்தேன். இலை, சோறு, உப்பிய கன்னம். அவர் முகம் மாறியது. "ஏட்டி தர்சினி, இங்க வா, அப்பா" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அப்பா அப்பளம் திங்காக" என்று சிரித்தாள்.

சுடலைமுத்துவின் வலது கை சோற்றில் இருந்தது. இடது கை பக்கத்து இலையின் மேல் விரித்து வைத்தபடி இருந்தது. அந்த இடத்தில் ஆள் இல்லை. நான் இடைஞ்சல் என்று முதலில் வெட்டி எறிந்தது அந்தக் கையைத்தான். இசக்கியம்மாள் அதன் மேல் விரலை வைத்தார்.

"இது என் இலை அண்ணாச்சி. இவ அழுதான்னு பந்திலருந்து வெளிய தூக்கிட்டுப் போனேன். ஆளு எந்திரிச்சாச்சுன்னு நெனச்சு இலைய எடுத்துருவாகல்ல, அதுக்குத்தான் கைய வச்சிப் பொத்திக்கிட்டு இருக்காக. நான் வந்து உக்காந்த பொறவுதான் கைய எடுத்தாக. 'சாம்பார் ஆறிப்போச்சு, ரசம் ஊத்திக்க'ன்னாக."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் காலை நெடுங்கண்டம் போய் ஒரு லேபில் அந்தப் படத்தை உள்ளது உள்ளபடி, இரண்டு இலையும் தெரிகிற மாதிரி பிரின்ட் போட்டேன். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம், போய்வர அரை நாள். திரும்பி வந்து அதே சட்டத்தைக் கழற்றிக் கோட்டுப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை இசக்கியம்மாள் நேரே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

அந்தப் படத்தை எடுத்தது எனக்கு நினைவே இல்லை. பந்தியில் மாப்பிள்ளையின் மாமா எங்கே என்று தேடிக்கொண்டு போகும்போது சும்மா அழுத்தியிருப்பேன். இத்தனை வருடம் நான் உருப்படியாக எடுத்ததாக நினைத்த படங்கள் வேறு. பஸ்ஸில் திரும்பி வரும்போது அது எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. வேலையை விடத் தோன்றவில்லை என்று மட்டும் தெரிந்தது. கட்டடக்காரரிடம் பேசி இன்னும் ஒரு வருடத்துக்குக் கடை ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஆனி, ஆடியில் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கேப் ரோடு திறந்திருக்கிறதா என்று மூணாறிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள், மூடியிருந்தால் மூணாறிலேயே தங்கிவிடுவது நல்லது. சின்னாரில் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். பூப்பாறையில் நான் தங்கிய லாட்ஜில் ஒரு ராத்திரிக்கு எழுநூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் தோட்டத்துப் பக்கம் நடந்து போகாதீர்கள், யானை இறங்குகிற இடம். தோட்டங்களில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டு எடுத்தால், ஒரு பிரின்ட் அனுப்பி வையுங்கள்.

சனிக்கிழமை இசக்கியம்மாள் போன் செய்தார். திவசம் நல்லபடியாக முடிந்ததாம். ஒரு நல்ல மாலையாக வாங்கிப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்தாக அண்ணாச்சி. போட்டுப் பாத்தோம். மாலை தொங்குனா அந்தக் கை மறையுது. அதான் கழத்திட்டேன்."