மைனி வரைந்த நூறாண்டு

மைனி அந்தப் படத்தைப் பழைய போர்வையில் சுற்றி, இராஜாக்கமங்கலத்திலிருந்து பேருந்தில் மடியில் வைத்தபடியே நாகர்கோவிலில் என் பிளக்ஸ் கடைக்குக் கொண்டுவந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. அவள் என் அண்ணன் மனைவி. வங்கியில் வேலை. மிச்ச நேரத்தில் நூறு வருடம் கழித்து நம் ஊர் எப்படியிருக்கும் என்று விஞ்ஞானக் கதை எழுதுவாள், வரைவாள். "அழிஞ்சு போவும்னு சொல்லதுக்கு என்னத்துக்கு மக்கா கதை? பொழைச்சுக் கெடக்கதைக் காட்டணும்" என்பாள். படத்தில் கடல் ஊருக்குள் ஏறியிருந்தது, ஆனால் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. உப்புத் தண்ணீரில் விளையும் நெல், அதற்கு மேலே உயரமான தூண்களில் வீடுகள், வாசல்தோறும் படகு. அவள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த வயல்தான் அது. ஒரு கண்காட்சிக்காகப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். படம் என் கம்ப்யூட்டரிலும் தங்கிவிட்டது.

பிறகு அந்த வயலில் மண்ணடித்து மனை போட ஒரு வியாபாரி வந்தார். எதிர்த்து மனுக் கொடுத்தவள் மைனிதான். வயலைத் தூர்த்தால் மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் வரும் என்பது அவள் பயம். அதே வியாபாரி விளம்பரப் பலகைக்கு அழகான வீடுகள் உள்ள படம் கேட்டு என் கடைக்கும் வந்தார். எந்த மனை என்று எனக்குத் தெரியாது என இத்தனை நாள் சொல்லிவந்தேன். பொய். தெரியும். மைனியின் படத்தைக் காட்டினேன்.

"வீடு கொள்ளாம், நல்லாருக்கு. தண்ணிய எடுத்துட்டு ரோடு போடும்" என்றார்.

பத்து நிமிட வேலை. மைனியின் கையெழுத்தை மட்டும் தொடவில்லை. வரைந்தவளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன், முட்டாள்.

விசாரணை அன்று வியாபாரி அந்தப் படத்தை அதிகாரி முன் விரித்தார். "வயல்ல வீடு வரணும்னு இந்த அம்மாவே வரைஞ்சு கையெழுத்தும் போட்டிருக்காவ, பாருங்க சார்." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் எங்கே, நெல் எங்கே என்று மைனி கேட்டாள். அது அவர்களுக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது. மனு தள்ளுபடியானது. மறுவாரமே லாரி லாரியாகச் செம்மண் இறங்கியது.

மைனி என்னிடம் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு போடுவாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரைவதை நிறுத்திவிட்டாள். இப்போது ஐப்பசி பிறந்தால் அவள் அடுக்களையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் வருங்காலத்துப் பூமியை வரையச் சொன்னார்கள். மைனி இளகுவாள் என்ற நப்பாசையில் அவளிடம் அனுப்பினேன். மகள் வெறும் தாளோடு திரும்பி வந்து, என் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மைக்கு வரைய மறந்து போச்சாம். ஒங்கப்பாவுக்குத் தண்ணிய அழிக்கத் தெரியும், அதப் படிச்சுக்கன்னு சொன்னாவ. எப்பிடிப்பா அழிக்கது?"