ஐயா வாங்கிக்கொண்ட குண்டு

என் மகளின் துப்பாக்கி வீட்டுக்கு வரும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

முனீஸ்வரர் அடியார்களே, கோயிலில் மைக்கைப் பிடித்துப் பேச எனக்குக் கூச்சம். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்தில் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் கலா போலீஸில் சார்ஜன். சாதாரண உடையில் போகிற வேலை. சில நாட்கள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். பூட்டினாலும் எனக்குப் பயம்தான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் என் அக்கா காமாட்சி. நான் நாலாம் வகுப்பு படித்தபோது, தோட்டத்துக்குப் பன்றி சுட வந்த ஒருவர் ரப்பர் மரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார். “குண்டு இல்ல, குண்டு இல்ல” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது சரிந்து விழுந்து வெடித்தது. எதிரில் அக்கா குனிந்து ரப்பர் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்த விதைகள் உருண்டு ஓடியது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அவள் முகம் எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

அன்றிலிருந்து முனீஸ்வரர் ஐயாவிடம் எனக்கு ஒரே வேண்டுதல். “இன்னொரு தடவ என் கண்ணு முன்னால வேணாம் ஐயா. வந்துதான் ஆகணும்னா நீ வாங்கிக்க.”

தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது, ஐயாவின் கல்லை நாங்கள்தான் லோரியில் ஏற்றி வந்தோம். கூடவே ஒரு பழைய பால் வாளி. ரப்பர் பால் சுமந்து சுமந்து உள்ளெல்லாம் கறுத்துப்போன வாளி. அதில் மணல் நிரப்பி, கல்லுக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி குத்துவோம். இப்போது எங்கள் வீட்டு முன்வாசலில், சின்ன மேடையில்தான் ஐயா இருக்கிறார்.

போன வருஷம் ஆயுத பூஜை. வாளியில் மணல் குறைந்து ஊதுபத்தி நிற்கவில்லை என்று காலையிலேயே புது மணல் கொட்டி விளிம்புவரை நிரப்பினேன். கடலை அவித்து வைத்துவிட்டு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தேன். வெளியே மழை இருட்டு. சுண்ணாம்பு மலை பாதி மேகத்துக்குள் போயிருந்தது. கண் அசந்துவிட்டது.

தோட்டம் திரும்ப வந்திருந்தது. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். எல்லா மரத்திலும் பால் வழிகிறது, சொட்டுகிற சத்தமே இல்லை. தூரத்தில் ஒரு மரத்தடியில் ஐயா உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார். நான் நடக்கிறேன், கால் தரையில் படவில்லை. அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. “என் பக்கம் திருப்பு.”

விழித்துக்கொண்டேன். வீடெல்லாம் சுருட்டு வாசம். எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

சாயங்காலம் பூஜைக்கு எல்லாவற்றையும் மேடைமுன் வாழை இலையில் அடுக்கினோம். என் பால்வெட்டுக் கத்தி, புதர் வெட்டும் பாராங், மருமகன் சேகரின் ஸ்பேனர்கள், மோட்டார் சாவி. ஐயாவுக்கு நேராகக் கூர்மையை நீட்டக்கூடாது என்று தோட்டத்தில் பழக்கம். அதனால் எல்லா நுனியும் எங்களைப் பார்த்துத்தான் இருக்கும். எதிரில் நாலு வயதுப் பேத்தி யாழினி மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கலா இரண்டு நாள் வேலை முடித்து, கண் சிவந்து அப்போதுதான் வந்தாள். “இதையும் வைக்கலாம்மா, இதுவும் ஆயுதம்தானே” என்று துப்பாக்கியை எடுத்தாள். மேல்பாகத்தை இழுத்தாள். ஒரு குண்டு துள்ளி வெளியே விழுந்தது. பிறகு அடியிலிருந்து குண்டுக் கூட்டைக் கழற்றினாள். “பயப்படாத, குண்டு இல்ல.”

அந்த வார்த்தை.

பழக்கப்படி குழல் எங்களைப் பார்க்க வைத்தாள். குழலுக்கு நேராக யாழினி.

நான் யாரிடமும் அடம்பிடிப்பவள் இல்லை. அன்று பிடித்தேன். “ஐயா பக்கம் திருப்பி வை.”

“சாமிக்கு எதிரா குழல நீட்டறதா? உன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் கொண்டு விடணும் லா!”

“ஐயாவே சொன்னாரு.”

“அத்தை சொல்றத கேளு கலா” என்றார் சேகர், கடலைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே. “அப்புறம் நம்ம யாருக்கும் கடலை கெடைக்காது.”

கலா சிரித்துக்கொண்டே திருப்பினாள். குழல் இப்போது வாளியைப் பார்த்தது.

வீட்டில் மூத்தவள் நான்தான். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். துப்பாக்கியில் எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம் ஒட்டவில்லை. இடது கையால் அழுத்திப் பிடித்து, துணியால் துடைத்தேன். துணியோடு விரல் வளையத்துக்குள் போய் விசையில் பட்டது.

சத்தம் கேட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. உலகம் நின்றுவிட்டது போல இருந்தது. புகை. சுருட்டு வாசம். ஊதுபத்திகள் ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தன. வாளியின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து மணல் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. யாழினி மணியை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் அழுதாள்.

கலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “குண்டுக்கூட்டத்தான் மொதல்ல கழட்டணும்மா. நான் மொதல்ல இழுத்துட்டேன். இழுத்தப்பவே அடுத்த குண்டு உள்ள ஏறிருச்சு. உள்ள பாக்கவும் இல்ல. முதல் நாள் சொல்லிக்குடுத்த பாடம்மா இது.”

யாரும் கேட்பதற்குமுன் அவளே மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். விசாரணை நடந்தது. பல மாதம் மேசை வேலை.

இப்போது துப்பாக்கி வீட்டுக்கு வந்தால் எங்கள் வழக்கம் வேறு. கொல்லைப்புறத்தில் பெரிய தொட்டி நிறைய மணல் வைத்திருக்கிறோம். குழல் அதைப் பார்த்தே இருக்கும். விரல் விசைக்கு வெளியே. முதலில் கூட்டைக் கழற்றுவாள். பிறகு மேல்பாகத்தை இழுத்துப் பிடித்து, உள்ளே கண்ணால் பார்ப்பாள், விரலால் தொட்டும் பார்ப்பாள். மறுபடியும் ஒருமுறை. அப்புறம் பெட்டி, பூட்டு. குண்டுகளுக்கு வேறு பெட்டி. அது முடியும்வரை யாழினியை நான் முன்னறையில் பிடித்திருப்பேன். கலா “காலி” என்று குரல் கொடுத்தாலும், குண்டு இருப்பதாகவே நினைத்துத்தான் நாங்கள் நடக்கிறோம். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவளுடைய வெறும் உறையை மட்டும் வைத்து வணங்கினோம்.

என் வலது காதில் இன்னும் சில்வண்டு கத்துகிறது. தோட்டத்துச் சில்வண்டு மாதிரியே. எனக்கு அது தொந்தரவாக இல்லை. சோறு இறங்குகிறது. தூக்கத்தில் அக்கா வருகிறாள். மடி நிறைய விதையோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். முகம் தெரிகிறது.

பிள்ளைகளைப் போலீஸுக்கும் காவல் வேலைக்கும் அனுப்பிவிட்டு, வயிற்றில் நெருப்போடு இருக்கும் அம்மாமார்களே, ஐயாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்வது கேட்டால், கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை.

வாளி ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று சேகர் கேட்டார். வேண்டாம் என்றேன். தினமும் காலையில் ஒரு பிடி மணல் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. யாழினியும் நானும் அள்ளி மறுபடியும் உள்ளே போட்டுவிட்டு, ஊதுபத்தி ஏற்றுகிறோம்.