தோப்பூரில் ஏறிய வேட்பாளரும் நான் தூக்கிய கையும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை திருகோணமலைக்குப் போனேன். கடல் பார்க்கவும் இல்லை, கோயில் பார்க்கவும் இல்லை. ஓர்ஸ் ஹில் பக்கம் நான் படித்த கல்லூரியில் ஒரு தேர்தல். கொழும்பில் நடக்கிற தேசிய மாணவர் சங்க மாநாட்டுக்கு அந்தக் கல்லூரியிலிருந்து ஒரேயொரு பிரதிநிதி போகலாம். அந்த ஆளை மாணவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள். வாக்கெடுப்பை நடத்த, முன்பு பிரதிநிதியாகப் போய்வந்த பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். வாக்குப்பெட்டி அவர் பொறுப்பு என்பதால் ‘பெட்டிக்காரர்’ என்று பெயர். இந்த முறை பெட்டிக்காரி நான்.

பெட்டிக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மண்டபத்துக்குள் கால் வைத்ததிலிருந்து முடிவை அறிவிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. வணக்கம்கூடத் தலையசைப்புத்தான். எப்போதோ ஒரு பெட்டிக்காரர் கதைத்துக் கதைத்தே தன்னுடைய சொந்தக்காரப் பெடியனை வெல்ல வைத்துவிட்டாராம், அதற்குப் பிறகு வந்த சட்டம். “உன்ரை வாய்க்கு இது சரியான தண்டனையடி” என்று வீட்டில் பகிடி விட்டார்கள். அது எனக்குத் தண்டனையாக இல்லாமல் எவ்வளவு வசதியாகப் போனது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். பஸ் நேரம் தேடி வந்தவர்கள் கோபிக்க வேண்டாம், அதுவும் கீழே இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து பஸ் காலை 5.30க்கு. வாகரை, வெருகல், தோப்பூர், மூதூர், கிண்ணியா வழியாக ஏறக்குறைய 130 கிலோமீற்றர். ரிக்கற் 470 ரூபா. “அக்கா, பையை மடியில வையுங்கோ, மூதூர் தாண்டினா நிக்கவும் இடமிராது” என்றார் கொண்டக்டர். வைத்தேன். வாகரைக் கடலை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வெருகல் வரை நல்ல நித்திரை.

தோப்பூரில் 8.05க்கு ஒரு பிள்ளை ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் நான்காக மடித்த தாள். அதைப் பார்ப்பதும் கண்ணை மூடி முணுமுணுப்பதுமாக இருந்தது. எனக்குச் சும்மா இருக்க ஏலாதே!

“என்ன தங்கச்சி, சோதினையோ?”

“இல்ல அக்கா, பேச்சு. இண்டைக்கு எங்கட கல்லூரியில எலெக்சன். நானும் ஒரு வேட்பாளர்.”

பெயர் சபீனா. நான்தான் பெட்டிக்காரி என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிள்ளை பயந்து கதைக்காமல் விட்டுவிடுமே என்று நினைத்தேன். இறங்கும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

எதற்காகப் போட்டியிடுகிறாய் என்றேன். மூச்சுவிடாமல் சொன்னாள். செய்முறை வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். தோப்பூருக்கு நேர் பஸ் நாலரையோடு சரி. அதை விட்டால் மூதூர் மட்டும் வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து, வீட்டுக்குப் போக எட்டு மணியாகும். கூடப் படித்த பஸ்ரினா என்ற பிள்ளை இதனாலேயே படிப்பை விட்டுவிட்டாள்.

“இந்தத் தவணையோட எனக்கும் அதே கதைதான் அக்கா. பொம்புளப் புள்ள இருட்டில ரோட்டில நிக்கேலாது எண்டு வாப்பா சொல்லிப்போட்டார். பெரிய கட்டடமொண்டும் வேணாம். எங்களுக்கு விடுதியா ஒரு வாடகை வீடு எடுத்துத் தந்தாக் காணும். மாநாட்டில கேட்டு ஒரு பதில் கொண்டு வாறன், அதுமட்டும் பொறுங்கோ எண்டு வாப்பாட்ட கெஞ்சி வச்சிருக்கன்.”

அந்தப் படிப்புத் தவணை முடிய ஐந்து கிழமைதான் இருந்தது.

“முந்தி ஒருத்தரும் கேக்கேல்லையோ?” என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டுவது என்பது இதுதான்.

“கேட்டிருக்காங்க. சங்க அறை அலுமாரிக்குள்ள பழைய மாநாட்டு அறிக்கை ஒண்டு கிடந்தது, முழுக்கச் சிங்களம். நிரோஜன்தான் வாசிச்சுச் சொன்னவன். அவன்தான் என்னோட போட்டியிடுறவன், நல்ல பெடியன். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி இந்த வாடகை விடுதிக் கோரிக்கை பட்டியல்ல இருந்ததாம். பிறகு அதைப் பட்டியல்ல இருந்து நீக்க ஒரு தீர்மானம் கொண்டு வந்து, ஏகமனதா நிறைவேத்தியிருக்காங்க. ஏகமனதா எண்டா எங்கட ஆளும் கை தூக்கினதுதானே? ஆரெண்டு பேர் இல்ல. ஏன் தூக்கினீங்க எண்டு அந்த ஆளிட்ட ஒருக்காக் கேக்கோணும்.”

அந்த ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மாநாடு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. தமிழில் சொல்ல ஆள் வருவார் என்றார்கள், கடைசிவரை வரவில்லை. எனக்கு வணக்கமும் நன்றியும் தவிர ஒரு சொல்லும் தெரியாது. விளங்கவில்லை என்று எழும்பிச் சொல்ல வெட்கம். தலைவர் எதையோ வாசித்தார், என்னைச் சுற்றியிருந்த எல்லாக் கையும் மேலே போனது, நானும் தூக்கினேன். சாப்பாட்டு நேரத்தில்தான் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு கண்டிப் பிள்ளை விளங்கப்படுத்தினாள். எங்கள் கோரிக்கையை நானே கை தூக்கிப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறேன். திரும்பி வந்து, “நல்லாக் கேட்டனான், அவங்கள்தான் தரேல்லை” என்று எல்லாருக்கும் சொன்னேன். நம்பினார்கள். துணிந்து கதைத்த பிரதிநிதி என்று எனக்குப் பெயர்கூட வந்தது. அந்தப் பெயருக்காகத்தான் இப்போது பெட்டிக்காரியாகக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனது எந்த வருசத்து மாநாடு என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது.

பஸ்ஸில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூதூரில் சனம் நெருக்கியடித்து ஏறியது. கிண்ணியாப் பாலம் வந்தது, சபீனா ஜன்னலைக் காட்டி, “வடிவா இருக்கு என்ன?” என்றாள். தலையாட்டினேன். சீனன்குடாவில் விமானப்படை வேலியும், மரங்களுக்குப் பின்னால் எண்ணெய்த் தாங்கிகளும் போனது நினைவிருக்கிறது. திருகோணமலை பஸ் நிலையத்தில் 9.40. ‘இறங்கும்போது சொல்லலாம்’ என்று நினைத்திருந்த நான், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளை முன்னுக்கு அனுப்பினேன். ஓர்ஸ் ஹில்லுக்கு ஓட்டோ 250 ரூபா கேட்டார்கள், ஒருவர் 200க்கு வந்தார்.

மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் என்னைக் கண்டதும் சபீனாவின் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிரித்தாள். இந்த அக்கா சட்டப்படி நடக்கிறவர், அதுதான் பஸ்ஸில் தான் பெட்டிக்காரி என்று சொல்லாதவர் என்று நினைத்திருப்பாள். பாவி நான், தலையை மட்டும் அசைத்தேன்.

வந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். முதலில் நிரோஜன் பேசினான். சீனன்குடாவில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன், பாதிப் பேச்சைச் சிங்களத்திலேயே செய்து காட்டினான். கைதட்டல். பிறகு சபீனா. குரல் நடுங்கினாலும் விசயம் நடுங்கவில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய அந்த ஏகமனதான தீர்மானத்தையும் சொன்னாள். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழும்பினான்.

“சிங்களம் தெரியாம அங்க போய் என்ன செய்யப் போறீங்கள்?”

“விளங்காட்டி கை தூக்க மாட்டன்” என்றாள் சபீனா.

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. முந்திப் போன ஆள் ஏன் தூக்கினதெண்டு தெரிஞ்சா நீங்க சிரிக்க மாட்டீங்க. எனக்கும் தெரியாது. சொல்ல ஒருத்தரும் இல்ல” என்றாள்.

சொல்ல ஆள் இருந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆறடி தூரத்தில் இருந்தது. வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று என் நெஞ்சு சந்தோசப்பட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

எண்ணி முடித்தோம். நிரோஜன் 34, சபீனா 27. அறிவித்தேன். அதோடு என் வாய்க்கட்டு முடிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஆள் நான்தான். விளங்காமல் கை தூக்கினனான். பிறகு உங்களுக்கு முன்னால படிச்சவைக்குப் பொய் சொன்னனான்” என்றேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நிரோஜன்தான் முதலில் எழும்பினான். “அப்ப திருப்பி வாக்குப் போடுவமா?”

“வேணாம். எண்ணினது எண்ணினதுதான்” என்றாள் சபீனா. மடித்த தாளை அவனிடம் நீட்டினாள். “இதக் கொண்டு போய் வாசி.”

நிரோஜன் அதோடு விடவில்லை. நடந்ததை ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள், மாநாட்டில் காட்டவேண்டும் என்றான். தமிழில் எழுதினேன். அவன் சிங்களத்தில் பெயர்த்தான். கையெழுத்துப் போடக் குனிந்தபோது சபீனா கடிதத்தின் மேல் கையை வைத்தாள். “முதல்ல அக்காவுக்கு வாசிச்சு விளங்கப்படுத்து. விளங்கித்தான் வைக்கோணும்.” வரி வரியாகச் சொன்னான். கேட்டு முடித்துத்தான் வைத்தேன்.

திரும்பும் பஸ் பகல் 2.15க்கு. அவளும் அதே பஸ்தான். வேறிடத்தில் போய் இருந்தாள், அது அவளுடைய உரிமை. தோப்பூரில் இறங்க எழும்பியவள் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, மண்டபத்தில வாய் திறக்கேலாது. அது சட்டம், விளங்குது. காலம பஸ்ஸில என்ன சட்டம் இருந்தது?”

கொண்டக்டர் விசில் அடித்தார், அவள் இறங்கிவிட்டாள்.

இதை எழுதும்வரை மாநாடு நடக்கவில்லை. கடிதம் நிரோஜனிடம் இருக்கிறது. சபீனாவின் தவணை முடிய இன்னும் இரண்டு கிழமை.

போகிறவர்களுக்கு: 5.30 பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு முன்னம் திருகோணமலையில் நிற்கலாம். சாரதிக்குப் பின்பக்க வரிசையில் ஜன்னலோரம் இருங்கள், வாகரைக் கடலும் கொட்டியாரக் குடாவும் அந்தப் பக்கம்தான். தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், வழியில் பஸ் அதிகம் நிற்காது. தோப்பூரில் யாராவது ஏறிப் பக்கத்தில் இருந்து ஏதாவது கேட்டால், இறங்குவதற்கு முன்னம் பதில் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.