வெள்ளைக்கல்லுக்கு மேலே மூவாயிரம் அடி

ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனை பக்கம் ஹனீபா என்பவர் மிளகும் காபித்தூளும் விற்கும் கடை வைத்திருந்தார். கடை முன்னால் முக்காலியில் ஒரு பெரிய பைனாகுலர் நிற்கும். சேலத்துச் சமவெளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு எது என்ன என்று சொல்வது அவர் மகள் ஜமீலாவின் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்பாள்.

"அந்தா, திட்டுத் திட்டா வெளுப்பாத் தெரியுதுங்களா? வெள்ளைக்கல் வெட்டுற குழிங்க. அதுக்கு அந்தாண்டை ரயில் ரோடு. தூரத்துல தனியா ஒண்ணு குந்தியிருக்குது பாருங்க, அதான் கஞ்சமலை."

பத்து வருஷம் இதையே சொன்னதில் சமவெளி முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதுவும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி.

அவள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தபோது சமவெளியில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி புதிதாக வந்திருந்தது. ஊரில் யாருக்கும் அதைப் பற்றி அதிகம் தெரியாது. ஜமீலா விண்ணப்பம் போட்டாள். ரேடியோ அறையில் வேலை கிடைத்தது. தினமும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, அடிவாரம் தாண்டி, சேலத்தில் வேறு பஸ் பிடித்துப் போவாள்.

அங்கே ரேடார் கிடையாது. பறப்பவை எல்லாம் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவரவர் வாயால் சொன்னால்தான் உண்டு. ஜமீலா அதைக் கேட்டு, மேஜையில் விரித்த வரைபடத்தின் மேல் மரத்துண்டுகளை நகர்த்துவாள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வாள். அவ்வளவுதான் அவள் வேலை. உத்தரவு போட அவளுக்கு அதிகாரமில்லை. "நீ தகவல் சொல்றவ, கன்ட்ரோலர் இல்லை" என்று பள்ளி மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான்காம் வருஷம் ஆடி மாதம். காலை எட்டரை மணி. மேற்கிலிருந்து காற்று பலமாக வீசியது. ஆகாயத்தில் இரண்டே விமானங்கள். 'டெல்டா' என்று அழைக்கப்பட்டதில் லக்னோவிலிருந்து வந்த ஒரு மாணவன் தனியாகத் தெற்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். 'கிலோ'வில் தலைமைப் பயிற்சியாளர் பாக்கியநாதன், ஒரு மாணவியோடு அப்போதுதான் கிளம்பிக் கிழக்கே ஏற்காட்டு மலையடிவாரம் பக்கம் போனார்.

ரேடியோவில் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். மாணவன் சொன்னான்: "டெல்டா, கஞ்சமலை எனக்கு வலப்பக்கம். உயரம் மூவாயிரம்."

கிலோவும் மூவாயிரத்தில்தான் இருந்தது. ஆனால் கஞ்சமலை தெற்கே இருக்கிறது, கிலோ போவது கிழக்கே. இடையில் காத தூரம். ஜமீலா துண்டைக் கஞ்சமலை ஓரம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டு நிமிஷம் கழித்து அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. "ஓடுதளம் இன்னும் தெரியவில்லை. முன்னால் கீழே வெள்ளையாகப் பள்ளங்கள் தெரிகின்றன."

ஜமீலாவின் கை அப்படியே நின்றது. கஞ்சமலை ஓரத்தில் வெள்ளைப் பள்ளம் ஏது? வெள்ளைக்கல் குழிகள் ஏற்காட்டு அடிவாரத்தில் அல்லவா இருக்கின்றன?

"டெல்டா, வலப்பக்க மலையில் ரோடு தெரிகிறதா?"

"தெரிகிறது. வளைந்து வளைந்து ஏறுகிறது."

அது ஏற்காட்டு ரோடு. ஆடிக் காற்று அவனைக் கிழக்கே தள்ளிவிட்டிருக்கிறது; அவனுக்கே அது தெரியவில்லை. பாக்கியநாதன் அதே பள்ளங்களை நோக்கி, அதே உயரத்தில், எதிரே வருகிறார். காலை வெயில் அவர் கண்ணில் அடிக்கும்.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆனால் மாணவனுக்கு வலப்பக்கம் மலை. தகவல் சொல்லி, அவர்கள் யோசித்து, முடிவெடுக்க நேரமில்லை. ஜமீலா பொத்தானை அழுத்தினாள்.

"கிலோ, உடனே வலப்பக்கம் திரும்பி ஐந்நூறு அடி இறங்குங்கள். எதிரே விமானம். டெல்டா, திரும்பாதே, நேராக வா, உயரம் குறைக்காதே."

ஜமீலா கஞ்சமலை ஓரத்திலிருந்த துண்டை எடுத்துப் பள்ளங்களின் மேல் வைத்தாள். பிறகு பாக்கியநாதனின் குரல் வந்தது: "பார்த்துவிட்டேன். இடப்பக்கம், மேலே. கடந்து போய்விட்டது."

அரை மணி கழித்து அவர் படியேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"திரும்பினப்புறந்தாம்மா அவனைப் பாத்தேன். சக்கரம் வரைக்கும் தெரிஞ்சுது" என்றார். "நீ சொன்னதும் ஏன், எதுக்குன்னு கேட்டிருந்தா..."

மேலாளர் அப்படி நினைக்கவில்லை. அதிகாரமில்லாமல் உத்தரவு போட்டது ஏன் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். ஜமீலா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் மலையேறும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

வீட்டில் ஹனீபா காகிதத்தின் நகலை வாங்கி நிதானமாகப் படித்தார். "ஏங்கண்ணு, நீ எழுதுனதுல ஏதாச்சும் பொய் இருக்குதா?"

"இல்லீங்க அத்தா."

"அப்புறம் என்னத்துக்கு அழுவறே? சோத்தைத் தின்னு."

மறுவாரம் விசாரணையில் பாக்கியநாதன் சொன்னார்: தப்பு அந்தப் பெண்ணிடமும் இல்லை, பையனிடமும் இல்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எல்லா மலையும் மலைதான். எவராலும் குழம்ப முடியாத சில இடங்களைக் குறித்து, அங்கே வந்ததும் பெயர் சொல்ல வேண்டும் என்று வைக்கலாம். போகிறவர்களுக்கு ஓர் உயரம், வருகிறவர்களுக்கு வேறு உயரம். எந்த இடங்கள் என்று ஜமீலாதான் சொல்ல வேண்டும்.

"மேலே ஏறிப் பாத்ததே இல்லீங்களே சார்" என்றாள் அவள். நாலு வருஷமாக அந்த அறையில் இருந்தும் அவளை யாரும் விமானத்தில் ஏற்றியதில்லை.

"நாளைக்குக் காலைல வா."

முதல் ஐந்து நிமிஷம் அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. திறந்தபோது கீழே வெள்ளைக்கல் குழிகள், ரயில் ரோடு, தனியாகக் கஞ்சமலை. ஒன்றுவிடாமல் தெரிந்தவை. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேகவேகமாக எழுதினாள். ஆறு இடங்கள் ஆயின; முதலாவது வெள்ளைக்கல். தாளை மேலாளர் இரண்டு நாள் தம் மேஜையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் தாமே ஒட்டினார்.

அதன்பின் அவள் அங்கிருந்த ஆறு வருஷத்தில் அப்படியொரு காலை வரவில்லை. கன்ட்ரோலர் தேர்வு எழுதினாள். முதல் தடவை தோற்று, மறு தடவை தேறினாள்.

தாள் பலகையில் ஏறிய அந்த முதல் நாட்களில் லக்னோ மாணவனுக்கு மட்டும் 'வெள்ளைக்கல்' வாயில் நுழையவில்லை. "வெல்லக்கல், மூவாயிரத்து ஐந்நூறு" என்பான். ஜமீலா பலமுறை திருத்திப் பார்த்தாள். அவனைக் கேட்டுக் கேட்டு மற்ற மாணவர்களும் வெல்லக்கல் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் பாக்கியநாதனும் சொல்லிவிட்டார்.

"சார், நீங்களுமாங்க?" என்றாள் ஜமீலா தமிழிலேயே, ரேடியோவில் அப்படிப் பேசக் கூடாது என்பதை மறந்து.

"இடம் சரிதானம்மா?"

"சரிதானுங்க" என்று சிரித்துக்கொண்டே துண்டை நகர்த்தினாள்.