எட்டுக் கிலோ உப்பு

புத்தூரில் கமலாவதி அக்காவை ஏமாற்றுவது எளிதல்ல. உரப்பையின் வாயைக் கட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரு முடிச்சுப் போடுவார். வேறு யாராவது அவிழ்த்துக் கட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். நாற்றை எண்ணித்தான் தருவார். மாலையில் நட்டதையும் எண்ணிப் பார்ப்பார். கூலி வேலைக்குப் போகும் எனக்குத் தேநீர் ஊற்றினால், சீனிப் போத்தலின் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். கொழும்புக்கு வேலைக்குப் போன கணவர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தது பத்து வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். அவரோடு படித்தவர்களோ, சின்ன வயதிலேயே பென்சிலில் பல்லால் கடித்து அடையாளம் வைத்திருப்பார் என்பார்கள்.

அவருக்கு இரண்டு பரப்புத் தோட்டம், ஏக்கரில் எட்டில் ஒன்று; பரப்புகளுக்கு நடுவில் ஒரு வரம்பு. தண்ணீர் பங்குக் கிணற்றில். அக்காவுக்கு ஒரு பங்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் கனகரட்ணத்துக்கு ஒரு பங்கு, அக்காவின் மச்சான் மார்க்கண்டு அண்ணைக்கு ஒரு பங்கு. இறைக்கிற மெசின் மூவருக்கும் பொது; நாள் முறை வைத்து இறைப்பார்கள். மெசின் கொட்டில் பூட்டின் திறப்பு மார்க்கண்டு அண்ணையின் இடுப்பில் இருக்கும்.

தை மாதக் கடைசியில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து ஆரணி என்ற பெண் வந்து அக்காவுக்குச் சீனிக்கிழங்கு விதை கொடுத்தாள். பீட்ரூட்டின் இனம்தான், ஆனால் வெள்ளை. அதிலிருந்து சீனி எடுக்கலாமாம். மழையில்லாத காலத்தில் எவ்வளவு விளையும் என்று நிறுத்துப் பார்க்க வேண்டுமாம். பின்னர் ஒரு கிழங்கைக் கிளறிப் பார்த்த மார்க்கண்டு அண்ணை, "இரத்தம் வத்தின பீட்ரூட். உதுக்கு ஆஸ்பத்திரியிலை இரத்தம் ஏத்த வேணும்" என்றார்.

மாசியில் ஒரு நாள் நான் தேயிலை வாங்கக் கடையில் நின்றபோது, அக்கா எட்டுப் பைக்கற் உப்பு வாங்கினார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. பைக்குள் போட்டு மேலே துவாயால் மூடிக்கொண்டு போனார். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு எட்டுக் கிலோ உப்பு எதற்கு என்று நினைத்தேன். ஊறுகாய் போடுகிற ஆளும் அவரில்லை.

சித்திரையில் மார்க்கண்டு அண்ணையின் வெங்காயம் கருகத் தொடங்கியது. தாள் நுனியெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்து சுருண்டது. அந்தப் போகம் அவர் பக்கத்துக் காணியையும் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைத்திருந்தார். அதற்காகத் தன் முறை இல்லாத நாளிலும் மெசினை ஓடவிட்டிருந்தார். ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். உவர். அதே தண்ணீர் குடித்த அக்காவின் கிழங்கோ, இலையைச் சுளகு மாதிரி விரித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

அன்று நான் அவருடைய தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"நீ அங்கையும் வேலைக்குப் போறனி. மச்சாள் என்ன செய்யிறா எண்டு கண்டனியே?" என்று கேட்டார்.

யாரும் நேரே கேட்டால் எனக்கு நிலத்தைத்தான் பார்க்க வரும். அவர் நகரவில்லை. கடையில் எட்டுக் கிலோ உப்பு வாங்கினதைச் சொன்னேன். நான் கண்டதில் சொல்ல இன்னும் இருந்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

பொழுது சாய முன்னர் எட்டுக் கிலோ பதினெட்டாகி ஒழுங்கையிலுள்ள வீடெல்லாம் போய்விட்டது. அக்கா கிணற்றில் உப்பைக் கொட்டுகிறார் என்றார்கள். என்னை ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனியில் கிழங்கு கிண்டி எடுத்த பிறகு அவருக்கு இறைப்பு முறை கிடையாது என்று மார்க்கண்டு அண்ணை சொல்லிவிட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த இரண்டு பரப்பும் வெறும் செம்மண். அந்தக் காணியைத் தனக்கு விற்கும்படி அவர் ஏற்கெனவே இரண்டு தரம் கேட்டவர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கனகரட்ணம் வாத்தியார், அறுவடை முடியட்டும், அங்கேயே கதைப்போம் என்றார்.

அறுவடை அன்று ஆரணி தராசு கொண்டுவந்து, மூன்று தடிகளைக் கூட்டிக் கட்டி அதில் தொங்கவிட்டாள். இலை வெட்டி மண் உதறிய கிழங்கு இரண்டு குவியலாகக் கிடந்தது. மார்க்கண்டு அண்ணை முன்னால் வந்தார்.

"பிள்ளை, நிறையை எழுத முந்தி ஒண்டு கேளும். உவ கிணத்துக்கை உப்பைக் கொட்டி வளத்த கிழங்கு உது."

ஆரணி திகைத்துப்போனாள். இந்தப் பயிருக்கு உப்புப் பிடிக்கும், உப்புக் குறைந்த மண்ணில் கொஞ்சம் தூவினால் கிழங்கு பெருக்கும், எட்டுக் கிலோவை நிலத்தில் தூவச் சொன்னது தான்தான் என்றாள். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று வாத்தியார் அக்காவைக் கேட்டார்.

"தோட்டத்துக்கு உப்புப் போடுறன் எண்டு சொல்லிப்போட்டு இந்த ஊரிலை இருக்கேலுமே, சேர்?"

"தோட்டத்துக்கோ கிணத்துக்கோ, ஆர் கண்டது?" என்றார் மார்க்கண்டு அண்ணை.

அக்கா தன் உரக் கொட்டிலுக்குள் போய் நான்கு பைக்கற்றுகளைக் கொண்டுவந்து வைத்தார். பிரிக்காதவை. ஒவ்வொன்றிலும் மூலையில் பேனைக் கோடு.

"ஒரு பரப்புக்குத்தான் போட்டனான். உவை சொன்ன உடனை முழுக்கக் கொட்ட எனக்கென்ன விசரே?"

ஆரணியின் முகம் வாடியது. மார்க்கண்டு அண்ணை மற்ற நான்கும் எங்கே என்று கேட்டார். நான் இரண்டடி முன்னால் வந்தேன்.

"வரம்புக்கு இஞ்சாலை தூவினவ, அண்ணை" என்றேன். "நான் அண்டைக்குப் புல்லுப் பிடுங்கினனான். வெள்ளையாக் கிடந்தது. அங்காலைப் பக்கம் இல்லை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் நிண்டு கேக்கேல்லை."

பிறகு நிறுவை. அக்கா முதலில் உப்புப் பைக்கற் நான்கையும் தராசில் தொங்கவிட்டார். நான்கு கிலோ காட்டிய பிறகுதான் கிழங்கை ஏற்றவிட்டார். உப்புப் போட்ட பரப்பில் எழுநூற்றிரண்டு கிலோ. போடாத பரப்பில் எழுநூற்றொன்பது. ஆரணி மறுபடி கூட்டினாள். அதே கணக்கு.

"அப்ப உப்புப் போட்டதாலை ஒண்டும் கூடேல்லை" என்றார் வாத்தியார்.

ஆரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கிழங்குக்குத் தேவையான உப்பை உங்கடை தண்ணியே ரெண்டு பக்கத்துக்கும் குடுத்திட்டுது, சேர். பயிர் சின்னனா இருக்கேக்கையே கிணறு உவராகியிருக்கு. அளவுக்கு மிஞ்சி இறைச்சா அடியிலை இருக்கிற உவர்த் தண்ணி மேலை வரும்."

வாத்தியார் தானே ஒரு வாளி அள்ளினார். ஒரு மிடறு குடித்தார். துப்பவில்லை, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"ஆர் உப்புப் போட்டது எண்டு கதைச்சது போதும். ஆர் கூட இறைச்சது எண்டு இனிக் கதைப்பம், மார்க்கண்டு."

மார்க்கண்டு அண்ணை தன் வெங்காயத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"அத்தான், திறப்பைத் தாங்கோ. இனி மெசின் எண்டைக்கு ஓடுது எண்டு நான் பாக்கிறன்."

வாத்தியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து திறப்பை அவிழ்க்க மார்க்கண்டு அண்ணைக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னை வேலைக்குக் கூப்பிட்டார். உரப்பையை இருவரும் உரக் கொட்டிலுக்குள் தூக்கி வைத்தோம்.

"கடையிலை கண்டதைச் சொன்னது நீதானே?"

"ஓம், அக்கா."

அவர் சணல் கயிற்றை எடுத்துப் பையின் வாயைச் சுற்றினார். முதுகைத் திருப்பவில்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே, மெதுவாக, அந்த முடிச்சைப் போட்டார்.