மணி அடிக்காத சதுரம்

விதி இதுதான்: திரையில் ஒரு விமானம் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினால், கட்டுப்பாட்டாளர் உடனே விமானியை எச்சரிக்க வேண்டும். மணி அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. இந்த இரண்டாம் வாக்கியத்தைப் பயிற்சி வகுப்பில் பலரை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் ரேடார் அறைக்கு அந்த மணி வந்தது. விமானம் தன் உயரத்தைத் தானே அனுப்பும். கணினி அதைக் கீழே உள்ள மலையோடு ஒப்பிடும். இடைவெளி குறைந்தால் மணி. கேமரன் மலைப் பக்கம் அது ஓயவில்லை. வெயில் நாளில் மலையைக் கண்ணால் பார்த்தபடி தாண்டும் விமானத்துக்கும் அடித்தது. சீக்கிரமே, திரையைப் பார்க்காமலே மணியை அடக்கும் பொத்தானை அமுக்கப் பழகிவிட்டோம்.

மேலதிகாரி அந்த இடத்தை வரைபடத்தில் ஒரு சதுரமாகக் குறித்து, அங்கே மட்டும் மணியை நிறுத்தச் சொன்னார்.

"அங்க என்னய்யா இருக்கு, தேயிலதானே? செடி எழுந்து ஓடவா போவுது?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"நீ அந்த ஊருக்காரன்தானே. கையெழுத்த நீயே போடு லா."

போட்டேன். சதுரத்துக்குள், ரிங்லெட் ஊருக்கு மேலே, நான் பிறந்த எஸ்டேட் இருந்தது. அங்கே என் அக்கா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்குப் போனபோது சொன்னாள்: "தம்பி, ஒரு குட்டி பிளேன் மேகத்துக்குள்ளருந்து எங்க தல மேல வருதுடா. கூடையப் போட்டுட்டுப் படுக்க வேண்டியிருக்கு. நீ இந்த வேலதானே பாக்குற, ஒரு வார்த்த சொல்லி வையேன்."

"வாயால சொன்னா செல்லாதுக்கா. எழுதிக் குடுக்கணும்."

"அப்ப எழுது. அதுவரைக்கும் குனிஞ்சே கொழுந்து எடுக்குறேன்."

மணியைத் திரும்ப இயக்கும்படி எழுதினேன். மூன்று பிரதிகள், உரிய வழியாக. அந்தக் குட்டி விமானத்தின் விமானியைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் போதும். அது உரிய வழி இல்லை. காத்திருப்பதும் நடைமுறையில் ஒரு படிதான்.

மாசியில் ஒரு காலை. பணியில் நான். அந்தக் குட்டி விமானம் சதுரத்துக்குள் நுழைந்தபோது நான் ஒரு பெரிய விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை, நான் திரும்பவில்லை. திரும்பியபோது திரையில் அது இல்லை.

மரங்களை உரசி, தேயிலைச் சரிவில் விழுந்திருந்தது. விமானிக்குக் கை முறிந்தது. எஸ்டேட் துரையின் பங்களாவில் உட்கார்ந்து அவர் டீ குடித்தாராம். அக்கா குனிந்துதான் இருந்திருக்கிறாள். பயனில்லை.

அக்கா குடியிருந்த லயத்து வீட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி வந்தார்; துக்கம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்குக் கீழ் நிரதான் குடுத்தேன் தம்பி. மேல கொழுந்து நல்லாருக்குன்னு அவளா ஏறிட்டா. ரிப்போட்ல அப்படித்தான் போட்டிருக்கேன்."

அவரும் நடைமுறை தெரிந்தவர்.

விசாரணையில் மணி முறைப்படி நிறுத்தப்பட்டது என்றும், கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது என்றும் முடிவானது. விதியின் இரண்டாம் வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. பிறகு அதைச் சொல்லிக்கொடுக்க என்னையே நியமித்தார்கள்.

என் கடிதத்துக்குப் பதிலும் வந்தது. அந்தச் சதுரத்திலிருந்து அண்மையில் புகார் எதுவும் வராததால், மணியை மீண்டும் இயக்கத் தேவை எழவில்லை என்று இருந்தது. அது என் கைக்குக் கிடைத்தது அக்காவின் முதல் திவசத்தன்று.