சுவரில் தொங்கும் சட்டை வால்கள்

டாம்பிக்பீ ஆற்றை ஒட்டிய கிரேடியின் காட்டுக்குள் ஒரு தகரக் கூரை வீடு உண்டு. மான் வேட்டைக் காலம் பிறந்ததும் ஊர் ஆண்கள் அங்கே போய் அடைந்துவிடுவார்கள். வேட்டை பாதி, சும்மா கிடப்பது பாதி. கெளுத்தி மீன் பொரிப்பார்கள், சீட்டாடுவார்கள், வாய்கூசாமல் பொய் சொல்வார்கள். அந்த வீட்டுச் சுவரில் மான் கொம்பைவிட சட்டை வால்கள்தான் அதிகம். மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி ஆணியடித்துவிடுவது அங்கே சட்டம். பாதிச் சுவர் ஹாலிஸ் புரூயிட்டுக்கே சொந்தம்!

ஹாலிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடித்தால் கை நடுங்காது. மானைக் கண்டால் மட்டும் வெடவெடவென்று ஆடும். மரத்தில் கட்டிய பரணில் ஏறி, ஆற்றுப் பனியைப் பார்த்தபடி சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பான். வேட்டையாம் வேட்டை! அரைச் சட்டையோடு திரும்புகிறவனை மனைவி வெர்லீன் வாசலிலேயே மடக்குவாள்.

"திரும்பு, பாப்போம். போச்சா? நான் ராப்பகலா தைக்கறது எங்க அண்ணன் கத்தரிக்கோலுக்குத்தானா?"

அண்ணன் என்றது கிரேடியை. திட்டிவிட்டு, அடுத்த இலையுதிர் காலத்துக்குள் புதுக் கட்டம்போட்ட சட்டை ஒன்றைத் தைத்தும் வைத்துவிடுவாள்.

இந்தக் கோடையில் வெர்லீன் போய்ச் சேர்ந்துவிட்டாள். படுக்கையில் கிடந்தபடியே கடைசியாக ஒரு சட்டையை முடித்திருந்தாள். வேட்டையின் முதல் நாள் விடியல் இருட்டில்தான் ஹாலிஸுக்கு அதைப் பிரிக்க மனம் வந்தது. போட்டுப் பார்த்தான், பின்னால் தொளதொளவென்று தொங்கியது. சரியாகச் சாப்பிடாமல் தானே இளைத்துவிட்டதாக நினைத்து அவசரமாகக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டான். இந்த வருஷம் சுடுவதில்லை என்று முடிவு கட்டினான். சுட்டால்தானே தவறும்? இந்தச் சட்டையில் ஒரு நூல்கூடப் போகக் கூடாது.

பரணுக்குக் கீழே ஆறு இருக்கும் இடமே தெரியவில்லை, எங்கும் பனி. ஓக் இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உதிர்ந்தன. பனிக்குள் முதலில் கொம்பு மட்டும் மிதந்து வந்தது. அப்புறம் தலை. மான் அக்கரையிலிருந்து நீந்தி வந்து கரையேறி, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. அதன் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அடடா, வீட்டுக்குப் போனதும் வெர்லீனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான் ஹாலிஸ். அவள் இல்லை என்பது மறந்தே போயிற்று. துப்பாக்கி தோளுக்கு எப்போது ஏறியதோ, விரல் எப்போது அழுந்தியதோ. வெடிச் சத்தம் காடு முழுக்க உருண்டது. மான் தாவி மரங்களுக்குள் மறைந்தது.

தகரக் கூரை வீட்டுக்குத் திரும்பியபோது டுவேன் வாசலில் காத்திருந்தான். ஊரிலேயே பெரிய வாய் அவனுக்கு.

"வாய்யா மகராசா! சத்தம் கேட்டுச்சு. மான் எங்க, பின்னாடி நடந்து வருதா?"

உள்ளே கிரேடி ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். ஹாலிஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், வேணாம். இது அவ கடைசியா தைச்சது."

கிரேடி கத்தரிக்கோலை மேஜையில் வைத்தான். "தெரியாமப்போச்சு மாப்ளே. யாரும் தொட மாட்டாங்க. உக்காரு, காபி குடி."

டுவேனும் வாயை மூடிக்கொண்டான். அந்த அமைதிதான் ஹாலிஸுக்குத் தாங்கவில்லை. "எப்படித் தைச்சிருக்கா பாருங்க," என்று சட்டையை வெளியே இழுத்துவிட்டான். பின்பக்கம் சரிந்து முழங்கால்வரை வந்தது.

"இதென்னய்யா, கவுனாட்டம்?" என்றான் டுவேன்.

கிரேடி குனிந்து துணியைப் புரட்டினான். வழக்கமாகச் சட்டை முடிகிற இடத்தில் விளிம்பு அழகாக மடித்துத் தைத்து முடிந்திருந்தது. மீதித் துணி அதற்குக் கீழே தனியாக ஒட்டித் தொங்கியது. சேர்ந்த இடம் நெடுக சிவப்பு நூலில் பெரிய பெரிய தையல். அந்தத் தொங்கலில் அதே நூலில் தைத்து எழுதிய ஹாலிஸ் என்ற பெயர், பக்கத்தில் இந்த வருஷம்.

"மாப்ளே," என்றான் கிரேடி. "நீ அடிக்கவே மாட்டேன்னு என் தங்கச்சிக்கு எவ்ளோ நம்பிக்கை பாரு."

ஹாலிஸ் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவனே மச்சான் கையில் கொடுத்தான். சிவப்புத் தையலை ஒட்டி கிரேடி மெதுவாக வெட்டினான். ஆணியடிக்கும் முன் வழக்கம்போலப் பேனாவை எடுத்த டுவேன், அதை மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான்.